லேப்டாப்புக்கு எவ்வளவு ரேம்? அளந்து சொல்வது யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூரில் ஒரு தோழர் வீட்டுக்குப் போயிருந்தேன். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில், முந்திரித் தோப்புகளுக்கு மத்தியில் இருக்கிற ஊர். வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் மனைவி முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகள் கறுத்துப் போயிருக்கின்றன. மகள் 2019-ல் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்தவள். அப்போது சர்க்கார் கொடுத்த லேப்டாப் இன்னும் அவளிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் டிகிரி படித்தாள். அதை வைத்துத்தான் இப்போது குரூப் 4 பரீட்சைக்குத் தயார் செய்கிறாள். எழுதும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதைப் பழைய துண்டில் சுற்றிப் பீரோ மேல் வைத்திருக்கிறார்கள்.

அந்த லேப்டாப்பைத் திறந்தால் சில மாதங்களாக ஓர் எச்சரிக்கை வருகிறதாம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்று. சரி, மாறிவிடலாம் என்று பொத்தானை அழுத்தினால், இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை என்று பதில். பண்ருட்டியில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது பழசு, ரேம் பத்தாது, புதுசு வாங்கிடுங்க, முப்பதாயிரம் ஆவும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"என்னா தோழர், பொட்டி நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? எதுவும் ஒடையல, எதுவும் எரியல. அப்புறம் ஏன் வேலைக்கு ஆவாதுன்றான்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

முப்பதாயிரம் ரூபாய் என்றால் எத்தனை மூட்டைக் கொட்டை உடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

களமும் குடோனும்

முதலில் ரேம் என்றால் என்ன? முந்திரி வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கொட்டை மூட்டைகள் குடோனில் கிடக்கின்றன. வேலை செய்ய வேண்டுமானால் மூட்டையைக் கொண்டுவந்து களத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும். குடோன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரே நேரத்தில் எவ்வளவு வேலை நடக்கும் என்பதைக் களத்தின் அகலம்தான் தீர்மானிக்கிறது. லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் குடோன். ரேம் என்பது களம். மின்சாரம் நின்றால் களம் காலியாகிவிடும். குடோனில் இருப்பது இருக்கும்.

களத்தில் இடம் போதாவிட்டால் என்ன நடக்கும்? பாதி மூட்டையை மறுபடி குடோனுக்குத் தூக்கு, அடுத்த மூட்டையைக் கொண்டுவா, இதைத் தூக்கு, அதைக் கொண்டுவா என்று ஆட்கள் தூக்கிச் சுமந்தே அலுத்துப்போவார்கள். பழைய லேப்டாப் ஒரு பக்கத்தைத் திறக்க இரண்டு நிமிஷம் உறுமுகிறதே, அது இந்தத் தூக்குக்கூலி வேலைதான்.

அப்படியானால் ஆபரேட்டிங் சிஸ்டம்? பாடப் புத்தகத்தில் இதை இயக்க அமைப்பு என்கிறார்கள். அதுதான் மேஸ்திரி. எந்த வேலைக்குக் களத்தில் எவ்வளவு இடம், யார் முதலில், யார் பிறகு என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. விண்டோஸ் ஒரு மேஸ்திரி. லினக்ஸ் இன்னொரு மேஸ்திரி. நம் கையிலுள்ள செல்போனில் ஆண்டிராய்டு மேஸ்திரி.

மேஸ்திரிக்கும் உட்கார இடம் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மேஸ்திரி தன் கட்டில், மெத்தை, மச்சான், மச்சானின் மாடு எல்லாவற்றையும் கொண்டுவந்து களத்தின் பாதியில் போட்டுக்கொண்டு, "களம் பத்தவில்லை, பெரிசு பண்ணு" என்று சொன்னால்? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நாலு எம்பியிலிருந்து நாலு ஜிபி வரை

கணக்கைப் பாருங்கள். இவை கம்பெனியே வெளியிட்ட குறைந்தபட்ச அளவுகள். 1995-ல் வந்த விண்டோஸ் 95-க்கு 4 எம்பி ரேம் போதும் என்றார்கள். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 64 எம்பி. 2007-ல் விஸ்டாவுக்கு 512 எம்பி. 2009-ல் விண்டோஸ் 7-க்கு 1 ஜிபி. 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கும் அதேதான், 64 பிட் ரகமென்றால் இரண்டுக்கும் 2 ஜிபி. 2021-ல் விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. ஒரு ஜிபி என்பது 1024 எம்பி. ஆகவே இருபத்தாறு ஆண்டுகளில் மேஸ்திரியின் தேவை 1024 மடங்காகியிருக்கிறது! அதுவும் குறைந்தபட்சக் கணக்கு. அந்த அளவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓடாது, ஊரும். 2024-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி "கோபைலட் பிளஸ்" என்று ஒரு புது ரகத்தை அறிவித்தது. அதற்குக் குறைந்தபட்சமே 16 ஜிபி.

இதே நாட்டில் 1960-ல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நம் விஞ்ஞானிகள் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டினார்கள். டிஃப்ராக் என்று அதற்குப் பெயர். அதன் நினைவகம் 2048 சொற்கள், ஒவ்வொரு சொல்லும் 40 பிட். அந்தக் காலத்தில் நினைவகம் என்றால் சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கம்பியில் பாசி கோப்பது போலக் கையால் கோத்துச் செய்ய வேண்டும். இன்றைய கணக்கில் மொத்தம் 10 கிலோபைட் ஆகிறது. விண்டோஸ் 11 கேட்கும் இடம் இதைப் போல நாலு லட்சம் மடங்குக்கும் மேல். டிஃப்ராக்கில் விஞ்ஞானிகளின் கணக்குகள் நடந்தன. காடாம்புலியூர்ப் பெண் தன் லேப்டாப்பில் செய்வது என்ன? பழைய வினாத்தாளைப் படிக்கிறாள், குறிப்பு எழுதுகிறாள், விண்ணப்பம் போடுகிறாள், வகுப்பு வீடியோ பார்க்கிறாள்.

நியாயமாகச் சில விஷயங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். வளர்ச்சி எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 95-ல் நம் தமிழுக்கு இடமே கிடையாது. யூனிகோடு தமிழ் எழுத்து விண்டோஸ் 2000-ல்தான் உள்ளே வந்தது. உலகத்து எழுத்துக்களையெல்லாம் காட்ட இடம் வேண்டும். திரை பெரிதாகிவிட்டது, படம் தெளிவாகிவிட்டது. திருட்டு நிரல் ஒன்று உள்ளே புகுந்தால் மற்ற வேலையைத் தொடாதபடி ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் வைத்துப் பூட்ட வேண்டியிருக்கிறது. அதற்கும் இடம் செலவு. தவிர, ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்தால் செய்தி இரண்டு பாராவும் விளம்பரம் இருபதும் வருகின்றன. அத்தனையும் அதே களத்தில்தான் வந்து விழுகின்றன.

ஆனால் ஆயிரம் மடங்கு? பஞ்சாலைத் தோழர்கள் இதை நன்றாக உணர்வார்கள். புளோரூமிலும் கார்டிங்கிலும் கழிவுப் பஞ்சு எவ்வளவு என்று முதலாளி கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறான். கூட்டித் தள்ளியதைக்கூட எடை போடுகிறான். ஏன்? கழிவு அவன் கணக்கில் நஷ்டம். சாப்ட்வேர்க் கம்பெனிக்கு அந்தக் கவலை இல்லை. நிரலைச் சிக்கனமாக எழுத ஆட்களும் நாட்களும் வேண்டும். அது கம்பெனியின் செலவு. சிக்கனமில்லாமல் எழுதினால் வீணாகிற ரேம் யாருடையது? கோடிக்கணக்கான ஜனங்கள் தங்கள் கைக்காசு போட்டு வாங்கிய ரேம்! கழிவு ஒருவன் கையில், நஷ்டம் இன்னொருவன் தலையில். அப்புறம் யார் கூட்டிப் பெருக்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர், தகுதியுள்ள பெட்டியாக இருந்தால், 11-க்கு இலவசமாக மாறலாம். அதில் கம்பெனிக்குப் பைசா கிடைப்பதில்லை. புதுப் பெட்டி ஒன்று விற்றால்? பெட்டி செய்கிறவனிடமிருந்து லைசென்சுக் காசு வந்து விழும். இதைத் தெரிந்துகொண்டு, தகுதிப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள்.

ஏனென்றால், காடாம்புலியூர் லேப்டாப்பில் இருப்பது 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 கேட்பதும் 4 ஜிபி. கடைக்காரர் சொன்னது தப்பு! ரேமால் அது தள்ளுபடியாகவில்லை. உள்ளே இருக்கிற செயலி, கம்பெனியின் பட்டியலில் இல்லை. இன்டெல் செயலியென்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதெல்லாம் பட்டியலுக்கு வெளியே. இதுபோக டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும் என்கிறார்கள். இப்படித் தள்ளப்பட்டு, சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆராய்ச்சிக் கம்பெனி 2023 கடைசியில் கணக்குச் சொன்னது. முதலாளிகளுக்காகச் சந்தை பார்த்துச் சொல்கிற கம்பெனியே சொன்ன கணக்கு அது.

இது முதல் தடவையுமல்ல. 2006-ல், விஸ்டா வெளிவருவதற்கு முன், விற்பனைக்கு இருந்த பெட்டிகளில் "விஸ்டாவுக்குத் தகுதியானது" என்று சீட்டு ஒட்டினார்கள். நம்பி வாங்கினவர்கள் பலரது பெட்டியில் விஸ்டாவின் கடைசி ரகம்தான், அதுவும் பளபளப்பெல்லாம் இல்லாமல், ஓடியது. 2007-ல் அமெரிக்காவில் சியாட்டிலில் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்குப் பல வருஷம் இழுத்தது; எல்லோருக்குமான வழக்காக நடத்தக்கூடாது என்று 2009-ல் கோர்ட்டு சொல்லிவிட்டது. அன்று ஓடாத பெட்டிக்குத் தகுதிச் சீட்டு. இன்று ஓடுகிற பெட்டிக்குத் தகுதியில்லை என்ற சீட்டு. இரண்டு சீட்டையும் எழுதும் கை ஒன்றுதான்.

பாய்லரும் பாதுகாப்பும்

"ஆதரவு முடிந்தால் என்ன? பழைய விண்டோஸையே ஓட்டிக்கொண்டு போகலாமே!" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அது சரியல்ல. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது. பாங்கிக் கணக்கும் ஆதார் நம்பரும் போடுகிற பெட்டியில் அப்படி விளையாடக்கூடாது. 2020-ல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளிகள் மாண்டதை நெய்வேலி மறக்கவில்லை. யந்திரம் பழசானால் அதைக் கவனிக்க ஆள் அதிகம் வேண்டும், குறையக்கூடாது.

ஆனால் பழசு என்பதற்காகவே ஒன்று குப்பையாகிவிடுமா? சோவியத் உதவியோடு கட்டி, 1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-ல்தான் நிறுத்தப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! பிட்டரும் வெல்டரும் பார்த்துப் பார்த்துப் பழுது நீக்கி ஓட்டிய யந்திரம். இங்கே ஆறு வருஷத்து லேப்டாப்பில் பழுதே இல்லை. பழுது பார்க்க மாட்டேன் என்று ஒரு கம்பெனி தேதி குறித்ததுதான் பழுது.

தேதியைக் குறித்தவர்களால் தேதியை நகர்த்தவும் முடிகிறது. கூச்சல் எழுந்ததும், தனி ஆட்களின் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு திருத்தம் தருகிறோம் என்றார்கள். எப்படி? 30 டாலர் கட்டு, அல்லது உன் பெட்டியின் விவரங்களை எங்கள் கணக்கில் சேமித்து வை என்று நிபந்தனை. ஐரோப்பாவில் வாங்குவோர் சங்கங்கள் சண்டை போட்டன. அங்கே மட்டும் காசு வேண்டாம் என்று இறங்கிவந்தார்கள். நம் ஊரில் சண்டை போட்டது யார்?

மூன்று கம்பெனிகளின் கையில்

"சரி, ரேமையாவது கூட வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே?" போடலாம். பல லேப்டாப்களில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ரேம் என்ன விலை விற்கிறது என்று பார்த்தீர்களா? 2025-ன் பிற்பாதியிலிருந்து அதன் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை அறிவு என்று சொல்லி அமெரிக்கக் கம்பெனிகள் கட்டுகிற ராட்சதக் கம்ப்யூட்டர் கூடங்கள், விளைகிற ரேமையெல்லாம் மொத்தமாக வாரிக்கொண்டு போகின்றன. பெரிய வியாபாரி முழு அறுவடையையும் களத்திலேயே பேசி முடித்துவிட்டால் சில்லறைக்காரனுக்கு என்ன மிஞ்சும்? 2025 டிசம்பரில் அமெரிக்க மைக்ரான் கம்பெனி, "குரூஷியல்" என்ற பெயரில் சாதாரண ஜனங்களுக்கு ரேம் விற்றுவந்த வியாபாரத்தையே விட்டுவிடுகிறோம் என்று அறிவித்தது.

இந்த மைக்ரானை நமக்கு அந்நியமாக நினைக்க வேண்டாம். குஜராத்தில் சனந்த் என்ற இடத்தில் சிப்புகளைச் சோதித்து அடைக்கும் தொழிற்சாலை வைப்பதாக 2023 ஜூனில் ஒப்பந்தம் போட்டது. மொத்தம் 275 கோடி டாலர் திட்டம். இதில் மத்திய சர்க்கார் பாதி, குஜராத் சர்க்கார் நூற்றுக்கு இருபது. நூற்றுக்கு எழுபது பங்கு நம் வரிப்பணம்! காடாம்புலியூரில் தீப்பெட்டி வாங்குகிறவர் கொடுத்த வரியும் அதில் உண்டு. எழுபது பங்கு போட்டவனுக்கு ரேம் இன்ன விலைக்குக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது எழுதிக் கேட்டிருக்க வேண்டாமா?

உலகத்தில் விற்கிற ரேமில் பெரும்பங்கு மூன்றே கம்பெனிகளிடமிருந்து வருகிறது. தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். சந்தைப் போட்டி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களே, அது இங்கே எப்படி நடந்தது தெரியுமா? கூடிப் பேசி விலை வைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2005-ல் அமெரிக்கக் கோர்ட்டில் சாம்சங் 30 கோடி டாலரும் ஹைனிக்ஸ் 18 கோடியே 50 லட்சம் டாலரும் அபராதம் கட்டின. மைக்ரான் சாட்சி சொல்லித் தப்பித்துக்கொண்டது. 2010-ல் ஐரோப்பாவிலும் ரேம் கம்பெனிகளுக்கு அபராதம் விழுந்தது.

ரேம் செய்கிற கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாம்சங்கின் கிஹுங் சிப் ஆலையில் ரசாயனத் தொட்டியருகே நின்று வேலை பார்த்த ஓர் இளம்பெண் 2007-ல் இரத்தப் புற்றுநோயில் இறந்தாள். தகப்பனார் டாக்சி ஓட்டுகிறவர். வேலையினால் வந்த நோய் என்று ஒப்புக்கொள்ளக் கம்பெனி மறுத்தது. அவர் விடவில்லை. மற்றத் தொழிலாளிகளின் குடும்பங்களும் சேர்ந்தன. பதினோரு வருஷம் கழித்து, 2018 நவம்பரில், சாம்சங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈட்டுக்குச் சம்மதித்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2024-ல் 37 நாள் நின்ற நம் தோழர்களுக்கு அந்தக் கம்பெனியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; அங்கே செய்வது குளிர்ப்பெட்டி, முதலாளி ஒருவன்தான். ஆகவே, தேவையில்லாமல் ஒரு ஜிபி வீணாகிறது என்றால் காசு மட்டும் வீணாகவில்லை.

பெட்டிக்குள்ளேயே இருந்தது

மறுபடி காடாம்புலியூருக்கு வருவோம். அந்தப் பெண்ணின் லேப்டாப்பைப் போடும்போது ஒரு விநாடி, இரண்டு பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் திரையில் வந்து போகிறது. ஒன்று விண்டோஸ். இன்னொன்று "பாஸ்". "அது என்னம்மா?" என்றேன். "அது தெரியல மாமா, எப்பவும் வரும், யாரும் தொடமாட்டாங்க" என்றாள்.

பாஸ் என்பது, சென்னையில் மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் செய்து 2007 முதல் வெளியிட்டுவரும் லினக்ஸ். நம் நாட்டில், நம் சம்பளத்தில், நம் ஆட்கள் செய்தது. 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோதே, விண்டோஸோடு இதையும் சேர்த்துப் போட்டுத்தான் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் மொத்தம் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. முதல் வருஷங்களில் 2 ஜிபி ரேம், பின்னால் 4 ஜிபி. ஐம்பது லட்சம் வீடுகளில் இரண்டாவது மேஸ்திரி வாசலில் நின்றுகொண்டே இருந்தான். உள்ளே கூப்பிட ஒருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை!

பாடமே இல்லையா என்றால் இருக்கிறது. 2018-ல் வந்த பதினோராம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸுக்கும் பாடம் உண்டு. அதற்கும் முன்னால் 2006-ஐ ஒட்டி, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. நம் சர்க்காருக்கு வழி தெரியாமலில்லை. நடக்கத்தான் கால் வரவில்லை. பக்கத்துக் கேரளத்தில் நடந்தார்கள். அங்கே சர்க்கார் பள்ளிகளின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்து, பரீட்சையையே அதில் வைத்தார்கள். லைசென்சில் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அந்தச் சர்க்கார் நிறுவனம் சொன்னது. அந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பாதியென்று வைத்தாலும் சின்னத் தொகையா?

அடுத்த தெருவில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பியைக் கூப்பிட்டோம். பெட்டியிலிருந்த பாஸ் பழைய பதிப்பு. அதை எடுத்துவிட்டு, அதே டெபியன் குடும்பத்து லினக்ஸில் இலகுவான திரையுள்ள புதிய பதிப்பை ஒரு பென் டிரைவிலிருந்து போட்டான். அதற்கு முன் அவளுடைய பாடக் குறிப்புகளையெல்லாம் வேறொரு பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொன்னேன். இதைச் செய்யாமல் யாரும் கை வைக்கக்கூடாது. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. முன்பு விண்டோஸ், ஒரு வேலையும் தொடங்குவதற்கு முன்பே நாலு ஜிபியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது மேஸ்திரிக்கு ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் அவளுக்கு.

இதனால் சொர்க்கம் வந்துவிட்டது என்று எழுதினால் பொய். வீடியோ ஓடுகிறது, வினாத்தாள் திறக்கிறது, தமிழ் 99-ல் தட்டச்சு வருகிறது. ஒரே சமயத்தில் இருபது பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. 2 ஜிபி உள்ள ஆரம்பகால லேப்டாப் என்றால் எழுதலாம், படிக்கலாம். இன்றைய இணையப் பக்கங்களோடு அதிகம் மல்லுக்கட்ட முடியாது. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், களம் அகலமாகாவிட்டாலும் தூக்குக்கூலி வேகமாக நடக்கும். நிறைய வித்தியாசம் தெரியும். லினக்ஸ்காரர்களும் துறவிகளல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பளபளப்பான உபுண்டுவும் இப்போது 4 ஜிபிக்குக் குறையாமல் கேட்கிறது. ஆனால் அங்கே நூறு ரகம் இருக்கிறது. நம் களத்துக்குத் தக்க மேஸ்திரியை நாம் பார்த்து வைத்துக்கொள்ளலாம். டெபியன், திரையோடு ஓட 1 ஜிபியாவது வேண்டும், 2 இருந்தால் நல்லது என்கிறது.

இதில் நமக்கென்ன, ஆலைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் கம்ப்யூட்டர் எதற்கு என்று எந்தத் தோழராவது கேட்டால், நூறு நாள் வேலையை நினைத்துப் பார்க்கட்டும். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அங்கே வருகைப் பதிவைச் செல்போனில்தான் எடுக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. போன் திணறினால் வருகை இல்லை. வருகை இல்லையென்றால் கூலி இல்லை. 512 எம்பி போனுக்கும் பொருந்தும் என்று கூகிள் 2017-ல் கொண்டுவந்த ஆண்டிராய்டு கோ, 2022-ல் ஆண்டிராய்டு 13 வந்தபோது குறைந்தபட்சம் 2 ஜிபி கேட்டது. ஐந்து வருஷத்தில் நாலு மடங்கு! கூலி ஏறியதா நாலு மடங்கு? 1960-களில் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் கம்ப்யூட்டரை எதிர்த்து நின்றார்கள். அன்று வேலை போய்விடுமே என்ற பயம். இன்று கம்ப்யூட்டர் இல்லாதவனுக்கு வேலையே இல்லை என்றாகிவிட்டது.

இப்போது தமிழ்நாட்டில் மறுபடி லேப்டாப் கொடுக்கிறார்கள். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் இருபது லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் என்று அறிவித்து, 2000 கோடி ஒதுக்கி, 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ். 8 ஜிபி நல்லதுதான், கொடுத்ததை வரவேற்கிறோம். ஆனால் விண்டோஸ் 11-க்கும் ஒருநாள் தேதி வரும். அந்த 8 ஜிபி போதாது என்று எழுதப் போகிறவன் ரெட்மாண்டில் உட்கார்ந்திருக்கிறான், கோட்டையில் அல்ல. ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். கொடுக்கும்போதே பாஸை எப்படி ஓட்டுவது என்று கல்லூரியில் இரண்டு நாள் சொல்லிக் கொடுக்கட்டும். 2011 முதல் கொடுத்த பழைய லேப்டாப்களுக்கு ஒவ்வொரு தாலுகாவிலும் சர்க்கார் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களைக் கொண்டு முகாம் நடத்தட்டும்; லினக்ஸ் போடட்டும், பழைய டிஸ்கை மாற்றட்டும். கண் சிகிச்சை முகாம் நடத்துகிற சர்க்காருக்கு இது பெரிய வேலையா? திங்கட்கிழமை மனு நாளில் கடலூர் கலெக்டர் ஆபீஸில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

சர்க்கார் வரும்வரை அந்தப் பாலிடெக்னிக் தம்பி காத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டுத் திண்ணையில் ஒன்பது லேப்டாப்கள் வந்து உட்கார்ந்தன. ஆறுக்கு அன்றே லினக்ஸ் போட்டாயிற்று. ஒன்று 2012-ஐச் சேர்ந்தது, 2 ஜிபி. எழுதப் படிக்க மட்டும் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினோம். ஒன்றில் பாட்டரி உப்பியிருந்தது. அதைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டோம். இன்னொன்றில் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்குக்குப் பணம் சேர்க்க வேண்டும். முந்திரி உடைக்கிற பெண்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.